அக்கரையின் மும்மடங்குப் பந்தயத்துக்கு மறுமொழி

‘இது என் கையெழுத்தல்லவா’ என்று உமைநங்கை நினைத்தாள். நினைத்ததை அவையில் எவரிடமும் சொல்லவில்லை. அன்று சொல்லாததை இவ்வோலை சொல்கிறது.

தாழைநாட்டின் இரு துறைகளுக்கும் ஏழு கணவாய்களுக்கும் காவலரும், வெள்ளில்மாநகரில் வீற்றிருப்பவருமான வெண்கோட மாறர் திருமுன்பு, அவருடைய காணாட்ட அதிகாரி ஆதித்தன் உமைநங்கை வணங்கி விடுக்கும் ஓலை. அரசர் கோல் நிமிர்ந்து நிற்க. மழை தன் மாதம் தவறாது வருக. பிள்ளைகள் தத்தம் ஊர்ப்பெயர் சொல்லி வளர்க.

பின்னாளில் இதை அவிழ்ப்பவர்க்கும் விளங்கும்பொருட்டு, காணாட்டம் என்னும் இச்சீட்டாட்டத்தின் முறையைச் சுருங்க எழுதுகிறாள். ஆற்றின் இரு கரையிலும் ஆடுவோர் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆளுக்கு இரண்டு ஆட்ட ஏடு. இருவர்க்கும் பொதுவான ஐந்து ஏடுகள் ஆற்றிடைத் தீவின் கோயிலில் முத்திரையிட்டுக் கிடக்கும்; அவற்றைத் தம் ஏடுகளோடு சேர்த்து உயர்ந்த சேர்க்கை பெற்றவர் வெல்வர். அவை திறக்குமுன்பே பந்தயத்தை ஏற்றலாம், மேலும் ஏற்றலாம்; அதற்கு எல்லை வகுக்கப்படவில்லை. பந்தயமாவது ஊர்ப்பெயர். தோற்றாலும் வயலும் கிணறும் மக்களும் நம்மிடமே இருப்பர். பெயர் மட்டும் அக்கரைக்குப் போய்விடும். நடுவில் விலகுவோர், அதுவரை வைத்ததை மட்டும் இழப்பர்.

ஒன்பது ஆண்டுகளாக, கைக்கு எந்த ஏடு வந்தாலும் உமைநங்கையே முதலில் ஏற்றி வந்தாள். அக்கரை பெரும்பாலும் விலகியது. அவை அதைத் துணிவு என்று போற்றியது. அது வெறும் பழக்கம் என்பதை அவள் அறிவாள். இம்மாதம் வந்தவை உயர்ந்த ஏடான ஒரு கொற்றவனும் தாழ்ந்த ஒரு நான்கும். மடியில் கிடந்ததை எடுத்து வைப்பவள்போல், தான் பிறந்த கொன்றைத்துறையின் பெயரை எழுதிப் படகோட்டி சாத்தனிடம் கொடுத்தனுப்பினாள்.

அக்கரை செல்ல ஒரு பகல் வேண்டும். சாத்தனோ ஒரு நாழிகைக்குள் மறுமொழி ஓலையோடு வந்து நின்றான். இத்தனை விரைவில் எப்படி என்று கேட்டதற்கு அவன் சொன்னது இது: “நான் இன்னும் துறைய விட்டே கெளம்பலம்மா. இது படகுல மொதல்லயே கெடந்துச்சு.” மசி உலரவில்லை. ஒன்றுக்கு எதிராக மூன்று ஊர் வைத்திருந்தார்கள். சுழியும் கொம்பும் அவளுடையவை போலவே இருந்தன. ககரத்தின் காலை அவள் இழுத்து முடிப்பதுபோலவே இழுத்து முடித்திருந்தது.

அரசர் கட்டளையிட்டதை அவள் மறக்கவில்லை. பின்வாங்குவது இழுக்கு என்றார். ஏட்டுக்கட்டில் உள்ள நான்கு கொற்றவன்களில் ஒன்று நம் கையில் இருப்பதால் அவர்கள் கையில் அது இருக்கும் வாய்ப்புக் குறைவு என்றார். மூன்று மாதமாக நாம் ஏற்றும்போதெல்லாம் திருப்பி ஏற்றுகிறவனுக்கு ஒவ்வொரு முறையும் நல்ல ஏடு வந்திராது, ஆகவே தலைநகரின் பெயரையே வைத்து அவனை விரட்டுக என்றார். அவள் தயங்கியபோது, “எழுத்தாணி பிடித்த கைக்கு நடுக்கம் எப்போது வந்தது, நங்கையாரே?” என்று கேட்டார். அவை சிரித்தது.

அரசர் கணக்கு பிழையன்று. எதிரி பொய்க்கே ஏற்றுவதாக இருந்தால், அதற்கு மேல் ஏற்றுவதே அவனை விலக்கும் வழி. மேலே ஏற்றாமல், அவர்கள் வைத்த மூன்று ஊருக்கு ஈடு மட்டும் கட்டலாமா என்றும் எண்ணிப் பார்த்தாள். தீவின் ஏடுகள் திறந்தபின் முதலில் பேச வேண்டியவள் அவள். அவள் சொல்லைக் கேட்டபின் பேசுபவன் அவன். அந்த இடத்தில், ஒரு நான்கைத் துணையாக வைத்துக்கொண்டு நெடுந்தூரம் போக முடியாது.

ஆயினும் அவளைத் தடுத்தது இவை எதுவுமன்று. மும்மடங்கைப் படித்த கணத்தில், தன் ஏடுகளை மறுபடி பார்க்குமுன்பே, அவள் கை எழுத்தாணியைத் தேடியது. நெஞ்சில் ஒரு சூடு. என்னையா, என்னிடமா என்ற சூடு. அதைத் துணிவு என்று இத்தனை காலம் அவளே நம்பியிருந்தாள். அக்கரை விலை பேசுவது ஏடுகளுக்கு அன்று, அந்தச் சூட்டுக்கு. அங்கே இருப்பது யார் என்று அவை கேட்கிறது. அவளுக்குத் தெரிந்தது இவ்வளவே: தகாத ஏட்டோடு அவள் துணிந்த ஒவ்வொரு நாளும் யாரோ அங்கே அமர்ந்து அவளைப் படித்திருக்கிறார்கள், இப்போது அவளாகவே எழுதுகிறார்கள்.

நேற்று விடியலில் விலகல் ஓலையைச் சாத்தனிடம் கொடுத்தாள். அவனும் அவளும் ஓரூரார். இன்று மாலை திரும்பியவன் வாயிலுக்கு வந்தான். வந்ததும் கேட்டான்: “வீட்டுக்குப் போவணும்மா. எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க.”

அவள் சொல்ல வாயெடுத்தாள், ஊர்ப்பெயர் நினைவில் இல்லை. நேற்றுத் தொடங்கிய இதே ஓலையில், மேலே, அந்தப் பெயரைத் தன் கையாலேயே எழுதியிருந்தாள். பார்த்தாள். கீறல்கள் இருந்தன, அவை எழுத்தாகச் சேரவில்லை. அவனைத் தெருமுனைவரை அழைத்துப் போய், கிழக்கே போகும் வழியைக் கையால் காட்டினாள். அவன் இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

ஓரூருக்கே இது. வெள்ளில்மாநகரில் எண்பதினாயிரம் பேர் மாலைதோறும் வீடு திரும்புகிறார்கள்.

ஆகவே அதிகாரி என்ற முறையில் அவள் இடும் ஆணை: கிழக்கு வழியில் பிரிவுதோறும் கல் நட்டு, திசை காட்டும் கை ஒன்று செதுக்குக. இதற்குக் காணாட்ட முத்திரை இடப்பட்டது.

தலைநகரின் பெயர் எழுத அரசர் கொடுத்தனுப்பிய வெற்றோலையும் இத்துடன் வருகிறது. அதில் உமைநங்கை எதுவும் எழுதவில்லை. எழுதமாட்டாள்.