குரல் விழாத கேமரா

வீட்டையும் என்னையும் ஒருசேர ஆள்கிறவளுக்கு,

நான் நலம். நீ நலமா? அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா?

பயப்பட ஒன்றுமில்லை, ஒரு வேடிக்கை சொல்கிறேன். நம் கல்யாணப் படத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்ற என்னிடம், பந்தயக் காருக்குள் வைக்கக் கேமரா தேர்ந்தெடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள். இரண்டு கேமராக்களைப் பொருத்தி, காரை ஓடவிட்டு, பதிவைப் பார்த்தேன். இரண்டிலும் படம் பளிச்சென்று இருந்தது. ஒன்றில் மட்டும் டிரைவரின் குரலும் கேட்டது.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவருக்கு வழி சொல்கிறவர் போன மாதம் காய்ச்சலில் தவறிப்போனார் என்று எழுதியிருந்தேனே. புது ஆள் இன்னும் வரவில்லை. ஆனால் அந்தக் காலி இருக்கையின் பெல்ட் பூட்டியிருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் டிரைவர், "அண்ணே, அடுத்தது?" என்கிறார். கொஞ்சம் பொறுக்கிறார். "சரிண்ணே" என்று திருப்புகிறார். ஒருமுறை சிரிக்கவும் செய்தார். ஆனால் ஒரு வளைவுகூடப் பிசகவில்லை.

முதலாளி இந்தப் பேச்சைக் கேட்டால் அன்றைக்கே டிரைவரை மாற்றிவிடுவார். "எதுப்பா நல்லாருக்கு?" என்றார். இன்ஜின் இரைச்சல் மட்டும் பதிகிற கேமராவைக் காட்டி, "இதுதான் சார், ஆடாம நிக்குது" என்றேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் போர்வையைத் துவைக்காமல் கொடுத்தனுப்பு. இன்னொன்று, போனில் பேசும்போது உன்னிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. சமைக்கிறபோது எனக்குப் போன் போட்டு அடுப்புப் பக்கம் வைத்துவிடு. நீ பேச வேண்டாம், பாத்திரச் சத்தம் போதும். நடுநடுவே நான் "சரிம்மா" என்று சொல்லிக்கொள்கிறேன்.

டிரைவர் கூப்பிடுகிறார். கிளம்புமுன் இரண்டு பெல்ட்டையும் பார்க்க வேண்டும்.

அவசரத்தில்,
உன் வீட்டுக்காரன்