கேமராவுக்குக் காட்டிய தட்டு

ஆகஸ்ட் 4, ஞாயிறு. ஆடி அமாவாசை.

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மகன் விக்னேஷ்குமார், அவன் பெண்டாட்டி புவனேஸ்வரி, பேத்தி இசைவாணி, திண்டுக்கல்லிலிருந்து கேமரா மாட்ட வந்த சகாயராஜ், கூப்பிடாமலே வந்து நின்ற பக்கத்து வீட்டுப் பேச்சாயி. செத்துப்போன என் வீட்டுக்காரர் ஆண்டிச்சாமி படமாக இருந்தார். அவருக்குப் படையல் போடத்தான் ஓசூரிலிருந்து வந்தார்கள். படைத்த கையோடு அவர் படத்துக்கு மேலேயே கேமராவுக்கு ஆணி அடித்தார்கள்.

"இனி ஓசூர்ல இருந்தே உன்னையப் பாத்துக்கிட்டிருப்பேம்மா. நீ பேசினாலும் கேக்கும்" என்றான் குமார்.

"அப்ப இனிமே நீ யாரையும் வஞ்சு தீக்க முடியாதுக்கா" என்றாள் பேச்சாயி. எல்லாரும் சிரித்தார்கள். புவனேஸ்வரியும் சிரித்தாள். மனசில் குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9

பொழுது சாயும்போது கேமராவுக்குள்ளிருந்து குமார் குரல். "அம்மா, அடுப்படி லைட்டு சும்மா எரியுது." அணைத்தேன். திரும்பி வந்து செத்த நேரம் அண்ணாந்து நின்றேன். வேறு ஏதாவது கேட்பான் என்று பார்த்தேன்.

ஆகஸ்ட் 20

முன்பெல்லாம் சாயங்காலம் போன் வரும். சாப்டியாம்மா, சோத்துக்கு என்ன வெஞ்சனம் — இம்புட்டுத்தான் கேட்பான். இந்த வாரம் அதுவும் இல்லை. நானே போட்டேன். "அதான் பாக்குறேன்லம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்றான்.

சரிதான். பார்க்கிறவனுக்கு எதற்குப் போன்?

அதனால் இன்று சோற்றைப் போட்டுக்கொண்டு கேமராவுக்கு நேராகத் தட்டை ஏந்திக் காட்டினேன். "கத்திரிக்காய் வெஞ்சனம், ராசா." சின்ன சிவப்பு விளக்கு மினுக்கியது. பார்த்துவிட்டான்.

செப்டம்பர் 3

தோட்டத்து மோட்டாருக்கும் ஏதோ மாட்டிவிட்டுப் போனான் சகாயராஜ். ஓசூரில் குமார் செல்லில் விரலை வைத்தால் இங்கே தண்ணீர் விழுகிறது. "மோட்டாரப் போடும்மா" என்று கூப்பிடுவானே, அந்தப் போனும் போச்சு. கரண்டு பில்லையும் அவனே செல்லில் கட்டிவிடுகிறான். அதற்கு ஒரு போன் வரும் — அதுவும் போச்சு.

செப்டம்பர் 15

தட்டைக் காட்டிவிட்டு இப்போது பேசவும் செய்கிறேன். கேமரா வாய் திறக்காவிட்டாலும் காது இருக்கிறதே.

இன்று வளைகாப்புக் கதையை முழுக்கச் சொன்னேன். ஒட்டன்சத்திரம், புவனேஸ்வரி அப்பன் வீடு. மாப்பிள்ளையைப் பெற்றவள் நான். எனக்கல்லவா முதலில் பரிமாற வேண்டும்? பாயச வாளி எனக்கு இடது பக்கத்து இலைவரை வந்தது. அடுத்து வலது பக்கத்து இலைக்குப் போனது. நடுவில் நான் ஒருத்தி இருந்தேனா இல்லையா? புவனேஸ்வரி அரக்குச் சேலையில், கை நிறைய வளையலோடு, எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வார்த்தை சொன்னாளா? அப்போது வயிற்றிலிருந்த இசைவாணி இப்போது நாலாவது படிக்கிறாள். என் இலை இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

"உம் பொண்டாட்டிய மறந்தாலும் அந்த எலைய மறக்க மாட்டேன்டா" என்றேன். விளக்கு மினுக்கியது.

செப்டம்பர் 16

பெத்த பிள்ளையிடம் சொன்னதில் நெஞ்சு லேசாக இருக்கிறது.

அக்டோபர் 8

மழை. பேச்சாயி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போடவும் ஆள் இல்லை. புவனேஸ்வரி மேல் இன்னும் இரண்டு பழைய கதை இருந்தது, குமாரிடம் சொன்னேன்.

அக்டோபர் 21

காய்ச்சல். முழங்கால் பிடித்துக்கொண்டது. கஞ்சிதான். தட்டைக் காட்டும்போது ஊறுகாயை முன்னால் தள்ளி வைத்துக் காட்டினேன். ஏம்மா வெறும் ஊறுகாய் என்று கேட்கட்டும். கேட்கவில்லை.

அக்டோபர் 23

தட்டு இல்லை. எந்திரிக்க ஏலல. பாத்துக்கிட்டுத்தான இருக்கான்? பாத்து என்ன பண்றான்?

அக்டோபர் 25

நேற்று விடிந்ததும் கதவைத் தட்டியது புவனேஸ்வரி. ஒற்றையாக, தோளில் ஒரு பையோடு. ஓசூர் பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

"நீ எதுக்கு வந்த?"

"நீங்க தட்டுக் காட்டலீங்களே அத்தை."

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டுக் கூட்டி வந்தாள். குமார் ஏன் வரவில்லை என்று கட்டிலில் கிடந்தபடி கேட்டேன்.

"அவருக்கு வேலைங்க. நீங்க நடந்தா, திரும்புனா செல்லு டிங்கு டிங்குன்னு அடிக்குதுன்னு கேமராவ அவரு செல்லுல இருந்து ஆகஸ்டுலயே எடுத்துப்போட்டாருங்க. இப்ப என்ற செல்லுலதானுங்க இருக்குது."

இறங்கின காய்ச்சல் திரும்ப ஏறியது எனக்கு.

"அப்ப நான் பேசினது?"

"கேட்டுச்சுங்க."

"அம்புட்டுமா?"

"நீங்க மெதுவாவா பேசறீங்க அத்தை?"

"கேட்டுக்கிட்டு ஏன்டி ஒரு வார்த்த பேசல?"

"நான் பேசுனா நீங்க நிறுத்திப்போடுவீங்கன்னுதானுங்க."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மத்தியானம் இலை போட்டாள். இருப்பது இரண்டு பேர், தட்டு இருக்கும்போது இலை எதற்கு என்று நினைத்தேன். உப்பு வைக்கும் முன்னே, சோறு வைக்கும் முன்னே, என் இலையில் பாயசம் ஊற்றினாள். காய்ச்சல் வாய்க்கு இனிப்பே தெரியவில்லை. வழித்துச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 28

காலையில் புவனேஸ்வரி கிளம்பிப் போனாள், இசைவாணிக்குப் பள்ளிக்கூடம். வீடு மறுபடியும் வாயை மூடிக்கொண்டது.

சாயங்காலம் தட்டை ஏந்தினேன். "முருங்கைக்காய் வெஞ்சனம், புவனா." பிறகு கேமரா பேசியது: "ஊறுகாய் வேண்டாமுங்க அத்தை." அதோடு சரி. பஸ் அலுப்பு இருக்கும் அவளுக்கு.

வளைகாப்பு இலையை விட்டுவிட்டேன். மறக்கவில்லை, விட்டுவிட்டேன். கேலி பேசிச் சிரிக்கவைத்த பேச்சாயியையும் விட்டேன்.

தோட்டத்தில் மோட்டார் தானாக ஓடுகிற சத்தம் கேட்கிறது. அதை மட்டும் அவன் செல்லிலிருந்து எடுக்கவில்லை. முருங்கை காய்ந்துவிடக் கூடாதே.

ஒரே ஒரு ஆளை மட்டும் என் கட்டை வேகிறவரைக்கும் விட மாட்டேன். கேமராவில் சொன்னால் புவனா போய்ச் சொல்லிவிடுவாள், பிள்ளை மனசு சங்கடப்படும். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

விக்னேஷ்குமார்.