அம்மா ஏறாத டகோட்டா

அன்புள்ள நைனா,

அன்புள்ள என்று போடாமல் கடிதம் ஆரம்பிக்கத் தெரியவில்லை, அதனால் போட்டிருக்கிறேன். அதற்குமேல் எதையும் எதிர்பார்க்காதே. நேற்று உனக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. ஊரே வந்து சாப்பிட்டது. உன் சைக்கிளைச் சித்தப்பா நீ செத்த அன்றைக்கே தள்ளிக்கொண்டு போய்விட்டார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வருகின்றனவாம், தம்பி வேலைக்கு மனு போட்டிருக்கிறான். நல்ல செய்தி அவ்வளவுதான்.

"உங்க நைனா மாரி ஒரு மனுசன் உண்டா" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இலை போட்டேன். செத்தவர்களைப் பற்றிக் குறை பேசக் கூடாதாம். பேசாமலே இருந்தால் என் நெஞ்சு வெடித்துவிடும், அதனால் எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும்.

மீனம்பாக்கத்தில் டகோட்டா விமானத்துக்கு நீ என்ஜின் பிட்டர். பொன்னேரியில் காலைப் பாசஞ்சரைப் பிடித்துப் போவாய், பொழுது சாய்ந்து வருவாய். எங்களோடு பேசியதைவிட அந்த இரண்டு என்ஜின்களோடு நீ பேசியதுதான் அதிகம். ஆயில் ஏறிய உன் காக்கிச் சட்டையை அம்மா தினமும் சவுக்காரம் போட்டு அடித்துத் துவைத்தாள். அவள் உள்ளங்கை தோல் உரிந்து கிடந்ததை என்றைக்காவது பார்த்தாயா?

ஓட்டை உடைசலான எதையும் நம் பக்கத்தில் டகோட்டா என்பார்கள். உனக்கு அது ஆகாது. மீஞ்சூர் பஸ்ஸில் ஒருத்தன் "இன்னா டகோட்டா பஸ்ஸுப்பா இது" என்று அலுத்துக்கொண்டதற்கு அவன் சட்டையைப் பிடித்தாயே. "டகோட்டான்னா இன்னான்னு தெர்மாடா ஒனக்கு? யுத்தத்துல குண்டடி பட்டும் பறந்துக்கினு இருந்ததுடா!" என்று கத்தினாய். இரும்புக்காக உனக்கு அவ்வளவு ரோஷம்.

அந்த டகோட்டாவை நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மூன்று நாள் நீ சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியாக ஊருக்கு மேல் ஒரு சுற்று போய் வரும், பிட்டர்கள் வீட்டிலிருந்து ஆளுக்கு ஒருவரைக் கூட்டி வரலாம் என்றார்கள். நீ அஞ்சலை என்று அம்மாவின் பெயரை எழுதிக் கொடுத்தாய். "எம் பொஞ்சாதி பிளேன்ல போவப் போறா" என்று பொன்னேரி முழுக்கத் தம்பட்டம் அடித்தாய். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

எனக்கு அன்று பதினெட்டு வயது, துணைக்கு வந்தேன். அம்மா கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். மேலே போய் வாந்தி எடுத்து உன் மானத்தை வாங்கிவிடக் கூடாதென்று, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வந்திருந்தாள். அது உனக்கும் தெரியும்.

மூக்கைத் தூக்கி வாலைத் தரையில் ஊன்றி நின்றது விமானம். அம்மா ஏணியில் கால் வைத்துவிட்டாள். அப்போதுதான் உன் பெரிய ஆபீசர் தன் மச்சானோடு வந்து, "இவருக்கு ஒரு இடம் கிடைக்குமா?" என்று கேட்டார். இல்லை சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? நீ அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல், அவளைக் கையால் காட்டிச் சொன்னாய்: "இது ஒரு டகோட்டா சார். மேல போனா வாந்தி எட்த்துக்கினு கெடக்கும். அவுர ஏறச் சொல்லுங்க சார்."

ஆபீசர் சிரித்தார். நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். அம்மா காலைக் கீழே எடுத்து வைத்தாள்.

நீ ஏறிப் பறந்துவிட்டு வந்தாய். வெயிலில் நாங்கள் நின்றோம்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. புது விமானத்துக்கு உன்னை எடுப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது அந்த ஆபீசர் கையில் இருந்தது. சரி, இடத்தைக் கொடுத்தாய், அதைக்கூட ஒரு நாள் மறந்திருப்பேன். அந்த வார்த்தை எதற்கு நைனா? பஸ்ஸைச் சொன்னால் பொறுக்காத உனக்கு, பெண்டாட்டியைச் சொல்ல எப்படி வாய் வந்தது?

அதோடு விட்டாயா? திரும்பி வரும்போது ரயிலில் அம்மாவுக்குப் பாடம் நடத்தினாய். "எவனாச்சும் கேட்டா ஏறினேன்னு சொல்லு. உள்ள நடந்தா மேடு ஏறுற மாரி இருக்கும். அப்பால எண்ணூர் கடலு தெரிஞ்சுதுன்னு சொல்லு. இன்னா, புரிதா?" அவள் தப்பில்லாமல் ஒப்பிக்கும்வரை நீ விடவில்லை.

அம்மா வருஷக்கணக்காக அதையே சொன்னாள். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். நீ பக்கத்தில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தாய். சாகிற வரைக்கும் அவளிடம் ஒரு தடவையாவது மன்னிப்புக் கேட்டாயா? எனக்குத் தெரிந்து இல்லை.

நேற்று எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு பக்கத்து வீட்டு ராணி, "அஞ்சலக்கா, அந்த பிளேன்ல போன கதைய சொல்லேன், மாமாவ நென்ச்ச மாரி இருக்கும்" என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடியே, "நான் எங்கடி ஏறினேன்? ஏறவே இல்ல" என்றாள்.

சித்தப்பா பதறிப்போனார். "இன்னா அண்ணி பேசற? ஊரே கேட்டுக்கினு கீது!"

அம்மா குரலை உயர்த்தவில்லை. "அவுரு இருந்த மட்டும் ஏறினேன். இனிமே இன்னாத்துக்கு?"

நான் அடுப்பங்கரைக்குப் போய் அழுதேன். உனக்காக அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

உன் வருஷத் திவசத்துக்கு வருவேன். படத்துக்கு மாலை போட்டு, உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துப் படைப்பேன். மகள் செய்ய வேண்டியதில் ஒரு குறையும் வைக்க மாட்டேன். ஆனால் என் பிள்ளைகள் கேட்டால், ஆயா ஏறவில்லை, தாத்தா ஏற விடவில்லை என்றுதான் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
அஞ்சலையின் மூத்த மகள்
வசந்தா