கழுத்தில் ஒட்டிய பதக்கம்

ஞாயிறு இரவு, எர்ணாவூர்

இனி குத்துச்சண்டை வேண்டாம் என்று விமானத்திலேயே முடிவு செய்துவிட்டேன். இந்தியாவுக்காக வெளிநாட்டில் ஆடிய முதல் போட்டியிலேயே தோற்றவளுக்கு அது பெரிய முடிவுமில்லை.

ஆட்டோ தெருவுக்குள் திரும்பியதும் என் படம் போட்ட ஃபிளெக்ஸ். 'தங்க மங்கையே வருக!' கழுத்தில் கம்ப்யூட்டரில் ஒட்டிய பதக்கம். நான் கிளம்பிய அன்றே அண்ணனும் அவன் கூட்டாளிகளும் அடித்து வைத்திருக்கிறார்கள்.

"தோத்தது தெரியுமில்ல? அப்புறம் ஏன்டா கட்டுன?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"அடிச்சாச்சி. சும்மா சுருட்டி வெக்க சொல்றியா?"

எதிர்வீட்டு மேரி அக்கா பதக்கத்தைக் காட்டச் சொன்னார். தோற்றுவிட்டேன் என்றேன்.

"வுடு கண்ணு, போட்டோல ஜெயிச்சிட்ட இல்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். தோல்வியைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். இப்படி ஒன்றுமே தோன்றாமல் இருக்கும் என்று எதிலும் இல்லை. கன்னத்து வீக்கத்தை அழுத்தினால் மட்டும் வலிக்கிறது.

படுக்கப் போகும்போது அம்மா கேட்டாள்: "காலைல பிராக்டீசுக்கு எழுப்பணுமா?"

இனி எப்போதுமே வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நாளைக்கு மட்டும் வேணாம்மா" என்று வந்தது.