என் பக்கத்து பிரேக்

பிப்ரவரி 6, வியாழன்

இன்று என்னிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிற பல் டாக்டர் வலப்பக்கம் திரும்புவதற்கு, இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டார். வெயில் கொளுத்துகிறது, கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, வைப்பர் மட்டும் கீச் கீச்சென்று ஆடுகிறது. ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லி அதட்டுகிற மனிதர் என் வண்டியில் ஏறினால் மட்டும் வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளையாகிவிடுகிறார். என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. இத்தனை வருடமாக என் உயிரையும் ஊரார் உயிரையும் காப்பாற்றி வருவது அதுதான். ஒரே தொல்லை, வீட்டில் டிவியில் கார் வேகமாகப் போனாலும் என் கால் தானாகத் தரையை மிதிக்கிறது. வீட்டுக்காரருக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு.

பிரேக்கை மிதித்த கையோடு போன். ஆஸ்பத்திரியிலிருந்து. "உங்க கிட்னி உங்க அண்ணிக்குப் பொருந்துதுங்க" என்றார் நர்ஸ்.

எனக்கு! அண்ணியின் இரண்டு கிட்னியும் கைவிட்டதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மிஷின்தான் அவருக்குக் கதி. முதலில் அண்ணன் தன் கிட்னியைக் கொடுக்க ஓடினான் – ரத்த வகையே சேரவில்லை. அண்ணியின் சொந்த அக்காவுக்குச் சர்க்கரை. நான் சும்மா துணைக்குப் போனவள். நர்ஸ் ஊசியோடு நிற்கிறாரே, வெறுங்கையாக ஏன் திரும்ப வேண்டும் என்று கையை நீட்டியவள். ரத்த சம்பந்தமே இல்லாத நாத்தனார்! அண்ணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரோடு எலியும் பூனையுமாக இருக்கிற நாத்தனார்!

ஓவென்று கத்திவிட்டேன். பல் டாக்டர் பயந்துபோய் வண்டியை அணைத்துவிட்டார்.

பிப்ரவரி 7, வெள்ளி

வேண்டாமாம்.

நேரே அண்ணியின் கண்ணாடிக் கடைக்குப் போனேன். யாரோ ஒரு பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தார். வாயில் ஒரு ஐஸ் கட்டி. நாளுக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான் அவருக்கு அனுமதி. அதனால் தாகத்தை ஐஸ் சப்பி ஏமாற்றுகிறார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"உன் கிட்னி எனக்கு வேணாம். அதுவும் உன்ன மாதிரியேதான் இருக்கும். நான் இந்தப் பக்கம் படுத்தா அந்தப் பக்கம் படுன்னு சொல்லும். – ஐயா, நீங்க கீழ் வரிசை படிங்க."

பெரியவர் எங்கே படித்தார்? காதைத் தீட்டிக்கொண்டு எங்களைத்தான் படித்தார்.

"விளையாடாதீங்க அண்ணி."

"விளையாடல. காலம் பூரா நீ அதச் சொல்லிக் காட்டுவ. அதுக்கு எனக்கு அந்த மிஷினே தேவல."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு தடவை பயணத்துக்கு என் பெட்டியை வாங்கிப் போனார். சக்கரம் உடைந்து திரும்பி வந்தது. அந்தச் சக்கரத்தை நான் இன்றுவரை உருட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அண்ணன் போன் செய்தான். மூச்சுவிட்டான், வைத்துவிட்டான்.

பிப்ரவரி 17, திங்கள்

ஜெயித்துவிட்டேன்!

அண்ணி மிஷினில் இருக்கிற நேரம் பார்த்துப் போனேன். ஊசி குத்தியிருக்கிற கையை அசைக்கக் கூடாது, எழுந்து ஓட முடியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. முன்பெல்லாம் நான் வந்தாலே "என்ன, தலைய வாரவே இல்லையா?" என்று ஆரம்பிப்பார். இன்று அதற்குக்கூடத் தெம்பில்லை. சண்டை போட வந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமாக.

"சரி, அழாத. பாக்க சகிக்கல" என்றார். பிறகு, "சத்தியம் பண்ணு. ஒரு வார்த்தை சொல்லிக் காட்ட மாட்டேன்னு."

"சத்தியமா மாட்டேன்."

"எது மேல?"

"என் லைசென்ஸ் மேல."

சிரித்துவிட்டார்! கை அசைந்து, மிஷின் கூவி, நர்ஸ் ஓடி வந்து எங்கள் இரண்டு பேரையும் ஒரு பிடி பிடித்தார்.

"சொல்லிக் காட்டினா?" என்றார் அண்ணி, நர்ஸ் போனதும்.

"திருப்பிக் குடுத்துருங்க" என்றேன்.

மார்ச் 4, செவ்வாய்

கிட்னி தானத்துக்கு அனுமதி கொடுக்கிற கமிட்டி. ரத்த உறவு இல்லை என்பதால் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து விசாரித்தார்கள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா?

"என்னையா? டிராஃபிக் போலீஸாலயே முடியலையே!"

நடுவில் இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அது அண்ணி கடைக் கண்ணாடியோ என்னவோ. "அப்புறம் ஏன் தர்றீங்க?"

வேடிக்கையாக ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. எனக்கு டைபாய்டு வந்தப்ப அண்ணிதாங்க பாத்தாங்க. நாள் கணக்கா. ஒவ்வொரு ஸ்பூன் சூப்புக்கும் ஒரு திட்டு. இத்தன வயசாச்சு விழுங்கத் தெரியலையான்னு. திட்டாம ஊட்டியிருந்தா, சரி, நம்ம கத முடிஞ்சுதுன்னு நான் போயே சேர்ந்திருப்பேன். அவங்க திட்டினதுனால, பிழைக்கப் போறோம்னு தெரிஞ்சுது. – இதை அப்படியே சொன்னேன். மூன்று பேரும் காகிதத்தில் ஏதோ எழுதினார்கள். சரியென்று சொன்னதாக எடுத்துக்கொண்டேன். வெளியே வந்தால் அது சரிதானாம்!

பிறகு என் டாக்டர் தனியே கூப்பிட்டார். அண்ணிக்கு வேறு டாக்டர், எனக்கு வேறு. அது நல்ல ஏற்பாடு. "எப்ப வேணாம்னு தோணினாலும் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. பொருந்தலன்னு நாங்களே சொல்லிடுவோம். காரணம் யாருக்கும் தெரியாது."

"அதெல்லாம் தேவைப்படாது டாக்டர்" என்று சிரித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 28, வெள்ளி

பயமாக இருக்கிறது.

ஏன் எழுதாமல் இருக்க வேண்டும்? யாரும் படிக்கப் போவதில்லை. நல்லா இருக்கிற உடம்ப எதுக்குக் கிழிச்சுக்கணும்? எனக்கு ஏதாவது ஆச்சுன்னா? இவர் ஒரு முட்டை வேகவைக்கத் தெரியாத மனுஷன் – டாக்டர் சொன்ன அந்த ஒரு வார்த்தை நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. அதுவும் என் பக்கத்து பிரேக்தான். மிதிக்கவில்லை. கொஞ்ச நேரம் காலை மட்டும் அதன் மேல் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

நாளைக்கு. எனக்கும் அண்ணிக்கும் அடுத்தடுத்த அறை. சுவரைத் தட்டினேன். அவரும் தட்டினார். "தூங்கு சனியனே" என்று சுவர் வழியே கேட்டது. நன்றாகத் தூங்குவேன்.

ஏப்ரல் 9, புதன்

கையெழுத்து கோணல். தோள் வலிக்கிறது. வயிற்றில் ஓட்டை போட்டால் தோள் ஏன் வலிக்க வேண்டும்? உள்ளே அடைத்த காற்று மேலே ஏறிவிட்டதாம். நான் சைக்கிள் டியூபா?

ஆனால் சேதி! தங்கமான சேதி! மயக்கம் தெளிந்ததும் முதலில் இவர் முகம் தெரிந்தது. அதற்குள் வராந்தாவில் யாரோ தடதடவென்று ஓடி வருகிற சத்தம். அண்ணன். இந்த வயதில் அவன் ஓடி நான் பார்த்ததே இல்லை. கதவில் மோதி நின்று, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்:

"ஒண்ணுக்குப் போகுது! பை நிறைய! வெச்ச உடனே வேலைய ஆரம்பிச்சிடுச்சாம்!"

எதிர் அறை அம்மா வாசலில் நின்று கை தட்டினார். துடைப்பத்தோடு நின்ற பெண்மணி கை தட்டினார். சிரித்தால் தையல் இழுக்கிறது என்று கெஞ்சினேன், ஒருவரும் கேட்கவில்லை. அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். அதற்கும் தையல் இழுத்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

எல்லோரும் அண்ணியைப் பார்க்கத்தான் வருகிறார்கள். கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும், அதற்கே கூட்டம். போகிற வழியில் என் அறையில் தலை நீட்டி, "உனக்கென்ன, நல்லாத்தான இருக்க" என்கிறார்கள். நல்லாத்தான் இருக்கேன். ஆனா ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், உக்காந்து வலிக்குதான்னு கேட்டா என்ன குறைஞ்சிடும்? கிட்னி இல்லாத இடத்தைத் துணிக்கு மேலே தடவிப் பார்த்தேன். இவர் ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தார், தோல் பாதி, பழம் பாதி. வலிக்குதா என்று கேட்டார். உடனே வலி குறைந்துவிட்டது. நான் எவ்வளவு மலிவான ஆள்!

மே 4, ஞாயிறு

அண்ணி வீட்டில் இருக்கிறார். முகத்தில் மாஸ்க், கன்னத்தில் நிறம். என் எதிரில் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரை எடுத்து, அண்ணாந்து, மடக் மடக்கென்று குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் இதைவிட நல்ல வேடிக்கை இல்லை. இன்னொரு டம்ளர் குடிக்கச் சொன்னேன், குடித்தார்.

டம்ளரை வைத்துவிட்டு, "ரொம்ப நன்றிம்மா" என்றார்.

ம்மா! என்னை! பகீரென்றது. ஜன்னல் திரை அசிங்கமாக இருக்கிறது என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அண்ணனைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொல்லிவிட்டார்.

மே 18, ஞாயிறு

கெடுத்துவிட்டேன்.

அண்ணி கிண்ணத்திலிருந்து ஒரு பிடி உப்புக்கடலை எடுத்தார். என் வாய்: "அதுக்கு உப்பு ஆகாது அண்ணி." உங்களுக்கு என்று சொல்லவில்லை. அதுக்கு. என் சாமானை இரவல் கொடுத்து வைத்திருக்கிற மாதிரி.

கடலையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். குனிந்து பார்த்தேன், என் கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

ஜூன் 3, செவ்வாய்

போன வாரம், சண்டைக்கு இழுக்கலாம் என்று பழைய ஆயுதத்தை எடுத்தேன். "ஞாபகம் இருக்கா அண்ணி, என் பெட்டி, அந்தச் சக்கரம்..."

இன்று வீட்டுக்கு ஒரு புதுப் பெட்டி வந்திருக்கிறது. அண்ணி வாங்கி அனுப்பியிருக்கிறார். நாலு சக்கரம். வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நடுக்கூடத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்து அழுதேன். "பெட்டி நல்லாத்தான இருக்கு?" என்கிறார் இவர். இவருக்கு எப்படிப் புரியவைப்பது? அண்ணியைப் பிழைக்கவைத்துவிட்டு அண்ணியைத் தொலைத்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

எனக்கு செக்கப். மிச்சமிருக்கிற ஒற்றைக் கிட்னி கொஞ்சம் பெரிசாகியிருக்கிறதாம், இரண்டு பேர் வேலையையும் சேர்த்துப் பார்க்க. ஆள் குறைந்த ஆபீசில் ஒற்றைக் குமாஸ்தா. ஆனால் புலம்பாத குமாஸ்தா! வரும் வழியில் அதற்கு ஒரு இளநீல கவுன் – இல்லை, எனக்குத்தான் – வாங்கிக்கொண்டேன்.

பல் டாக்டர் லைசென்ஸ் வாங்கிவிட்டார். சாலையில் வைப்பர் ஆடினால் ஒதுங்கிவிட வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

அண்ணி போன். "டாக்டர் வண்டி ஓட்டலாம்னுட்டார். கத்துக்குடு."

கல்யாணமான புதிதில் ஒரு தடவை கற்றுக்கொள்ள வந்து, பாதியில் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனவர். இப்போது கேட்கிறார். "வேற யார்கிட்டயாவது கத்துக்குங்களேன்" என்றேன் பயந்துகொண்டு.

"உன்கிட்டதான்" என்று வைத்துவிட்டார்.

ஜூலை 20, ஞாயிறு

ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சந்தோஷத்தில்.

முதல் திருப்பத்தில் அண்ணி நன்றாகத்தான் திருப்பினார். நான் என் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டேன். இரண்டாவது திருப்பத்தில் ஒரு சைக்கிள், ரொம்பத் தூரத்தில். மிதித்தேன். வண்டி குலுங்கியது. "சரிம்மா" என்றார். மூன்றாவது, ஒன்றுமே இல்லை, வெறும் சாலை. ஆனால் பெல்ட் அவர் வயிற்றின் குறுக்கே, சரியாகக் கிட்னி வைத்த அந்த இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டேன். கால் தானாக மிதித்துவிட்டது.

அண்ணி நடுச்சாலையில் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். மாஸ்க்கைக் கீழே இழுத்தார்.

"ஏய்! கால எடுடி!"

டி! எத்தனை மாதமாயிற்று!

"அன்னிக்கும் இப்படித்தான் மிதிச்ச! அதான் இறங்கிப் போனேன்! கிட்னிய முழுசாத் தூக்கிக் குடுத்தவளுக்கு ஒரு பிரேக்க விட்டுக்குடுக்க முடியலையா?"

"உள்ள என் கிட்னி இருக்குல்ல, அண்ணி! மெதுவாப் போங்க!"

"உன் கிட்னியா? அதுக்கு மாத்திர போடுறது யாரு? நேரத்துக்குத் தண்ணி ஊத்துறது யாரு? ஒரு கடலைய வாயில போட முடியல, என்னமோ உன் வீட்ல வாடகைக்கு இருக்கிற மாதிரி பாக்குற!"

பின்னால் ஹாரன் சத்தம் ஊரைக் கூட்டியது.

"பாத்தியா, சொல்லிக் காட்டிட்ட" என்றார்.

"ஆமா, காட்டிட்டேன்."

"திருப்பித் தரட்டுமா?"

"இங்கயா? நடுரோட்லயா?"

அவர் முதலில் சிரித்தாரா, நான் சிரித்தேனா தெரியவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி வந்து ஜன்னலில் குனிந்து பார்த்தார். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வழியச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார்.

செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் சீட்டின் மேலே மடக்கி வைத்துக்கொண்டேன். அண்ணி ஓட்டினார். மோசமாகத்தான் ஓட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வழியில் இரண்டு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார். அவசரமாம். "ஒரு நிமிஷம் இரு" என்று ஒவ்வொரு தடவையும் ஓடினார். என் பெருமைக்கு அளவே இல்லை.

என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தார். "என்ன கவுன் இது, திரைச்சீலை மாதிரி? அந்தப் பெட்டிய நாளைக்குக் கொண்டாந்து குடு. உனக்கெல்லாம் உடைஞ்ச சக்கரம்தான் லாயக்கு."

தர மாட்டேன். வந்து சண்டை போட்டு வாங்கிக்கொள்ளட்டும்.