கடைசிக் கதவு

செப்டம்பர் 9, திங்கள்

பூச்சி, உன் அறிவியல் நோட்டில் பாதி வெள்ளையாகக் கிடக்கிறது. அதில்தான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவளின் கையெழுத்தைப் பார்த்தால் நீ சிரிப்பாய். சிரி.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு பயிற்சி டீச்சர் வந்திருக்கிறாள். இன்னும் படிப்பு முடியவில்லை. மூன்று வாரம் இங்கே இருந்து பிள்ளைகளுக்கு ஏதாவது சேவை செய்துகாட்டினால்தான் அவளுக்கு மதிப்பெண்ணாம். அவள் எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா? இணையத்தில் பாதுகாப்பாக இருப்பது எப்படி என்று. போனில் யாரிடமும் ஏமாறாமல் இருக்கச் சொல்லித் தருவாளாம்.

சுவரெல்லாம் கலர் அட்டை ஒட்டினாள். தரையில் சிந்திய பசையை நான்தான் சுரண்டினேன்.

பத்து மாசம் கழிச்சு வந்திருக்கா, மகராசி.

செப்டம்பர் 11, புதன்

எட்டாம் வகுப்பு பி. உன் வகுப்பு. வராந்தா துடைக்கிற சாக்கில் ஜன்னலோரம் நின்றேன். ஒரே இடத்தை நாலு தடவை துடைத்தேன்.

"யாராவது உங்க படத்த வெச்சு மிரட்டினா முதல்ல என்ன செய்யணும்?"

"போன ஒடைக்கணும் மிஸ்!" என்றது ஒரு வாண்டு. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"ஒடைச்சா யாருக்கு நல்லது? மிரட்டினவனுக்குத்தான். சாட்சியே அதுலதான இருக்கு? அழிக்காதீங்க, ஒடைக்காதீங்க. நீங்க நம்புற பெரியவங்க ஒருத்தர்கிட்ட காட்டுங்க."

வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் முகத்தை எவனோ அசிங்கமான படத்தில் ஒட்டி ஊருக்கெல்லாம் அனுப்பினான். அதை என்னிடம் காட்டியது நீ இல்லை, பக்கத்து வீட்டுக்காரி. நான் என்ன செய்தேன்? அது நீதானா என்றுகூடக் கேட்கவில்லை. கன்னத்தில் ரெண்டு வைத்தேன். போனைப் பிடுங்கி பினாயில் வாளிக்குள் போட்டேன். அதுவும் போதாமல் துடைப்பக் கட்டையால் இடித்தேன். மூன்றாம் நாள் நீ இல்லை.

காவல் நிலையத்தில் கண்ணாடி போட்ட அதிகாரியம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "போன் இருக்கா?" ஊரில் எல்லோர் போனுக்கும் வந்ததே, போய்க் கேட்டால் ஒருவரிடமும் இல்லை. அழித்துவிட்டார்களாம். நல்லவங்க. எல்லாரும் ரொம்ப நல்லவங்க.

நம்புற பெரியவங்களாம்.

செப்டம்பர் 13, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. அவள் சிரித்தது காதிலேயே இருக்கிறது.

செப்டம்பர் 17, செவ்வாய்

செருப்புப் பெட்டி ஒன்றுக்குக் கலர் தாள் சுற்றி, மேலே ஓட்டை போட்டு, மாடிப்படிக்குக் கீழே மாட்டினாள் பயிற்சி டீச்சர். "பெயர் எழுத வேண்டாம். மனதில் இருப்பதை எழுதிப் போடு" என்று மேலே எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

பெரிய டீச்சர் வந்து பார்த்துவிட்டு, "மொதல்ல என் ரூமுக்கு வரட்டும். நான் பாத்தப்பறம் நீ பாரு" என்றார். தலைமை ஆசிரியை சொன்னால் அதற்கு மேல் பேச்சு ஏது? அவளும் சரி மேடம் என்றாள்.

போன வருஷம் உன் சாவுச் சேதி தெரிந்த அன்றைக்கும் பெரிய டீச்சர் இப்படித்தான் ஒரே வரியில் முடித்தார். "அந்த விஷயத்த ஸ்கூல்ல யாரும் வாய்ல எடுக்கக் கூடாது." இதுவரை எடுக்கவில்லை. புதிதாக வந்த இவளிடம்கூட ஒருவரும் சொல்லவில்லை.

இதே பள்ளிக்கூடத்தை நான் ஏன் இன்னும் பெருக்குகிறேன் என்று உன் சித்தி கேட்கிறாள். வேறெங்கே உன் பெஞ்சைத் துடைக்கவிடுவார்கள்?

செப்டம்பர் 20, வெள்ளி

பெற்றோருக்கும் கூட்டம் வைத்தாள். முப்பது நாற்காலி போட்டேன். ஒருவரும் வரவில்லை. பட்டப்பகலில் வேலையை விட்டுவிட்டு யார் வருவார்கள்? இது தெரியாமல் ஒரு டீச்சர்!

கடைசியில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, ஒரே ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா. யாருமே இல்லன்னா என் காலேஜ்ல ஒத்துக்க மாட்டாங்க. ஒங்களுக்குப் புள்ளைங்க இருக்காங்கதான?"

"ஒரு பொண்ணு."

"எந்த வகுப்பு?"

"எட்டாவது பி."

"அட, என் வகுப்பு! பேரு என்னக்கா?"

மணி அடித்தது. நல்ல வேளை.

தாளின் தலைப்பில் 'பயனடைந்த பெற்றோர்' என்று இருந்தது. அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

நாளைக்கு அவள் கல்லூரியிலிருந்து மதிப்பெண் போட ஆள் வருகிறது. பெரிய டீச்சர் பெட்டியை மேசையில் கவிழ்த்து நாலைந்து சீட்டை மட்டும் பொறுக்கினார். பாஸ்வேர்ட் எப்படி வைப்பது, எவ்வளவு நேரம் போன் பார்க்கலாம், அந்த மாதிரி. "இதெல்லாம் காட்டு, அழகா இருக்கு. மத்தத விடு. ஸ்கூல் பேரு கெடும்."

"மேடம், இந்த ஒண்ணு மட்டும்..." என்றாள் பயிற்சி டீச்சர்.

"ஒனக்கு மார்க் வேணுமா, வேணாமா?"

அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். மிச்சச் சீட்டையெல்லாம் என் முறத்தில் தள்ளிவிட்டார்கள். குப்பைக்கு.

துடைப்பம் வைக்கிற அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரு சீட்டு இப்படி இருந்தது:

'மிஸ், ஒருத்தன் என் முகத்தை வெச்சு கேவலமா ஒரு படம் பண்ணி வெச்சிருக்கான். சொன்னபடி கேக்கலன்னா எல்லாருக்கும் அனுப்புவேன்னு தினமும் மெசேஜ் போடறான். அம்மாகிட்ட சொன்னா அடிப்பாங்க. சாப்பாட்டு நேரத்துல யார் முகத்தையும் பாக்க முடியல, ஒளிஞ்சுக்கறேன். போனை உடைச்சுட்டா சரியாயிடுமா?'

பெயர் இல்லை. எனக்குப் பெயர் தேவையில்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒளிவதற்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. பெரிய டீச்சருக்குத் தெரியாது, கழுவுகிற எனக்குத் தெரியும். பெண்கள் கழிப்பறையில் கடைசிக் கதவு. அதில் மட்டும்தான் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும். ஒரு வாரமாகச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதவுக்கு அடியில் ஒரு ஜோடி ஷூ தெரிகிறது. ஒன்றில் வெள்ளைக் கயிறு, இன்னொன்றில் கறுப்பு. நானும் தினம் துடைப்பத்தால் தட்டி விரட்டிக்கொண்டுதான் இருந்தேன். "எவடி அவ, உள்ளயே குடித்தனம் பண்றவ?"

போன வருஷமும் அந்தக் கதவுக்குப் பின்னால் ஒருத்தி—

வேண்டாம். இன்றைக்கு இதை எழுத மாட்டேன்.

செப்டம்பர் 25, புதன்

துடைப்பம் எடுக்காமல் போனேன். கதவு சாத்தியிருந்தது. வெள்ளைக் கயிறு, கறுப்புக் கயிறு.

"கண்ணு, திட்ட வரல. ஒன் சீட்ட நான் படிச்சேன்."

வாயைக் கதவோரம் கொண்டுபோனேன்.

"போன மட்டும் ஒடைச்சுடாத. நான் ஒடைச்சேன். அதான் சொல்றேன்."

எவ்வளவு நேரம் நின்றேனோ. ஷூ அசைந்தது. தாழ்ப்பாள் விலகியது. உன்னைவிடக் குள்ளம். சோற்று டப்பாவை மடியோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனேன். கூடத்தில் மதிப்பெண் போட வந்தவர்களுக்கு அட்டைகளைக் காட்டிக்கொண்டிருந்தாள் பயிற்சி டீச்சர். வாசலிலிருந்து கூப்பிட்டேன்.

"அக்கா, இப்பவா? எல்லாரும் ஒக்காந்திருக்காங்கக்கா."

"என் பொண்ணு பேரு கேட்டியே. எட்டாவது பி, போன வருஷ வருகைப் பதிவேட்டப் பாரு. நடுவுல ஒரு பேர செவப்புல அடிச்சிருப்பாங்க. அதான். இப்ப இவளுக்கு நேரம் இருக்கா, இல்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள். என் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். கையிலிருந்த அட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். பின்னாலிருந்து பெரிய டீச்சர் கூப்பிட்டார். இவள் திரும்பவில்லை. நகம் கடிக்கவும் இல்லை.

செப்டம்பர் 26, வியாழன்

நேற்று சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா தையல்காரி. போனைப் பார்த்ததும் மெஷினை விட்டு எழுந்து கையை ஓங்கினாள். நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

"விடு! என் பொண்ண நான் அடிப்பேன். கேக்க நீ யாரு?"

"அடிச்சவ."

நம் கதை ஊருக்கே தெரியும். அவளுக்குப் புரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இன்று காலை காவல் நிலையம் போனோம். அதே மேசை, அதே கண்ணாடி. என்னை அடையாளம் தெரிந்ததோ என்னவோ.

"போன் இருக்கா?"

அந்தப் பிள்ளை போனை மேசைமேல் வைத்தது. துணியில் சுற்றி, கண்ணாடிப் பாத்திரம் மாதிரிக் கொண்டுவந்திருந்தது.

அக்டோபர் 4, வெள்ளி

அவனைப் பிடித்துவிட்டார்கள். மூன்று தெரு தள்ளி இருக்கிறவனாம். மீசைகூட முளைக்காதவனாம்.

பயிற்சி டீச்சருக்கு மதிப்பெண் இல்லை. பாதியில் எழுந்து போனாளாம். வேறு பள்ளிக்கூடத்தில் முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டுமாம். போகும்போது, "அன்னிக்கு அந்தப் பையன் சொன்னதுக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாதுக்கா" என்றாள். ஆமாம் என்றேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

எனக்கு வராந்தா கிடையாது, வகுப்பு கிடையாது, இனிமேல் கழிப்பறை மட்டும் போதும் என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார். உன் பெஞ்சை இப்போது வேறு யாரோ துடைக்கிறார்கள்.

நேற்று மறுபடியும் காவல் நிலையம் போனேன். என் பொண்ணுக்குச் செய்தவனும் இவன்தானா என்று கேட்டேன். அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் இல்லங்கறான். அந்தப் போன் இருந்திருந்தா சொல்லலாம்மா." துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

கடைசிக் கதவு இப்போது திறந்தே கிடக்கிறது. கழுவ உள்ளே போனவள் இன்று தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே யார் பேசினாலும் நன்றாகக் கேட்கிறது. யார் குரல் என்றுகூடத் தெரிகிறது.

போன வருஷம் அந்த மூன்று நாளும், சாப்பாட்டு நேரத்தில் இந்தக் கதவு சாத்தியே இருந்தது. துடைப்பத்தால் இடித்தேன். கத்தினேன். ஒரு நாள்கூடக் குனிந்து ஷூவைப் பார்க்கவில்லை.

உள்ள இருந்தது நீயாடி, பூச்சி?