பத்து லட்சத்து ஒன்பது

14 ஜூன் 1979
இவர் இறந்துபோய் ஐந்து நாள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கவேண்டும், வாசலைத் தாண்டக்கூடாது. பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. மாலையில் உண்ணாமலை வந்தாள். பத்து வருஷமாக என்னோடு பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவள். அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. ஒரு துண்டுச்சீட்டை நீட்டினாள்: 1000009. "டீச்சர், இது பகா எண்ணான்னு பாருங்க. முடிச்சதும் கீழ்பென்னாத்தூர்ல எங்க வீட்டுக்கு ஒரு கார்டு போடுங்க." துக்க வீட்டில் கொடுக்கிற பொருளா இது?

15 ஜூன்
வேறு என்ன வேலை எனக்கு? 997 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் — இது இரண்டு எண்களின் பெருக்கல் என்றால், அதில் ஒன்று ஆயிரத்துக்குள் இருந்தே ஆகவேண்டும். மொத்தம் 168. 7-க்கு மீதி 3. 13-க்கு மீதி 10.

2 ஜூலை
113. மீதி 72. உண்ணாமலை வரவில்லை. பெண்கள் வரலாமே, வெளி ஆண்கள் எதிரில்தான் நான் வரக்கூடாது.

19 ஜூலை
அவருக்காக நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதினார்கள். வீடு கொள்ளாத ஜனம். அவர் சட்டைகளை யாருக்குக் கொடுப்பது என்று என் எதிரிலேயே பேசினார்கள். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து 293 போட்டேன். மீதி 100.

25 ஆகஸ்ட்
ரம்ஜான். நாத்தனார் பீபி ஜான் சேமியா கொண்டுவந்தாள். மூடி வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன்.

11 செப்டம்பர்
இந்த எண் எதற்கும் மசிவதாக இல்லை. அதுவும் தனிக்கட்டைதான் போல. சீ, எண்ணைப் பார்த்தா அழுவது?

8 அக்டோபர்
997. மீதி 18. முடிந்தது. 'பகா எண்தான்' என்று கார்டில் ஒரே வரி எழுதி, தபாலில் போடச் சொல்லி பீபி ஜானிடம் கொடுத்தேன். சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. நாலு மாதம் எட்டிப் பார்க்காதவளுக்கு அது போதும்.

13 அக்டோபர்
உண்ணாமலை வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"டீச்சர், 293-ஐ மறுபடி போடுங்க."

பழைய நோட்டை எடுத்தேன். 380-ல் 293 போனால் 87. நான் 97 என்று எழுதியிருக்கிறேன்! சரியாகப் போட்டால் மீதியே இல்லை: 293 × 3413. என் வகுப்புப் பிள்ளை இப்படிச் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரிஞ்சுதான் குடுத்தேன். துக்கம் கேக்க ஒரு தடவ வரலாம், அப்புறம் இத்தாவுல வெளி ஆளுங்க யாரும் கூப்பிடாம வரக்கூடாதுன்னு நெனச்சிட்டேன் டீச்சர். ஒரு நாப்பது நாள்ல கண்டுபிடிச்சுடுவீங்க, கார்டு வரும், நீங்களே கூப்பிடுவீங்கன்னு பார்த்துனே இருந்தேன். வரல. எம்மேல கோவம்னு..."

கோபம்தான். நாலு மாதக் கோபம். திட்ட வாயெடுத்தேன், அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். அப்புறம் உள்ளே வந்து உட்கார்ந்து, ஹெட்மிஸ்டிரஸ் என் வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போய் கரும்பலகை முன்னால் முழித்ததை நடித்துக் காட்டினாள். சத்தமாகச் சிரித்துவிட்டேன். பீபி ஜான் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இத்தாவில் சிரிக்கலாமா? தெரியவில்லை. யாரையும் கேட்கப் போவதும் இல்லை.